நஞ்சுக் கொப்பி

மாரி தொடங்கி ஆறு நாளில் பன்னிரண்டு போத்தல் காபோலிக் அமிலம் விற்றிருந்தது. கொப்பியில் பதின்மூன்று வரி நிரம்பியிருந்தது.

ஸுஹைறா கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, விரல் வைத்து மறுபடியும் எண்ணினாள். மழை தகரத்தில் விழுந்த சத்தத்துக்குக் கீழே கடலின் இரைச்சல் கிடந்தது, அதற்கும் கீழே மதில் ஓரத்து வெள்ளத்தில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. அறைக்குள் ஈரச் சுவரின் வாசமும், காயாத வெள்ளைச் சீலையின் சவர்க்கார வாசமும் நின்றன. பன்னிரண்டு வரிகள் கடையில் நிற்கும் முஸ்பிறாவின் எழுத்தில், கோழி கிண்டின மாதிரி, கோட்டுக்கு மேலும் கீழுமாய் ஓடின. பதின்மூன்றாவது வரி கோட்டை விட்டு ஒரு நூலும் விலகவில்லை. ஒவ்வொரு எழுத்தின் வாலையும் இழுத்து அடுத்த எழுத்தின் காலடியில் விடும் அந்தக் கையை அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். அது அவளுடைய கணவர் ஜுனைட்டின் எழுத்து. ஜுனைட் மவுத்தாகி, மண்ணில் அடங்கி எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

பெயர், றுக்ஸானா. விலாசம், மாவடிப்பள்ளி. பொருள், காபோலிக் ஒரு போத்தல். தேவை என்ற கட்டத்தில் பாம்பு என்று இருந்தது. வரியின் கடைசியில், விற்பவர் கையெழுத்து வைக்கும் இடத்தில், ஸுஹைறாவின் கையெழுத்து.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், முதலில் வந்தது எரிச்சல். அந்தப் பெயரை அவர் எவ்வளவு ஆற அமர, ஒரு எழுத்தும் சிதையாமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. இவளுடைய பெயரை அவர் ஒருநாளும் முழுதாக எழுதியதில்லை. 'ஸு' என்று போட்டு ஒரு புள்ளி வைத்தால் அவருக்குப் போதும்.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். சாய்ந்தமருதில் இந்த வீடு ஸுஹைறாவின் வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்தது. வீட்டின் முன் விறாந்தையை இடித்துக் கட்டிய பாமசியும், சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும் அவளுடைய மருந்தாளர் சேர்டிபிகட்டின் பேரில்தான் நடந்தது. படித்தவள் அவள், பதிவு பெற்றவள் அவள். அவர் கவுண்டரில் நின்று வருகிற போகிற ஆட்களோடு கதைத்துச் சிரிக்கிறவர். வீடு கொடுத்து, கடை கொடுத்து, கறிக்கு உப்புப் பார்த்துக் கொடுத்து வைத்திருந்த அந்த மனிசன், கடைசி மூச்சை விடுகிறதற்கு மட்டும் மாவடிப்பள்ளியில் வேறொருத்தியின் கட்டிலைத் தேடிப் போயிருந்தார். வயல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு செவ்வாய்க்கிழமை அது. மூன்று வருஷமாக அப்படி வயல் பார்த்திருக்கிறார். நிக்காஹ் எழுதி, எல்லாம் முறையாக, இவளுக்கு மட்டும் தெரியாமல்.

மையத்தை வேனில் கொண்டுவந்து இந்த வீட்டு ஹோலில்தான் வைத்தார்கள். பின்னேரம் றுக்ஸானா ஒரு ஓட்டோவில் வந்து இறங்கி, முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஆள் விட்டுக் கேட்டாள். கேற்றைத் திறக்க வேண்டாம் என்று ஸுஹைறா சொல்லிவிட்டாள். அதில் அவளுக்கு இன்றுவரைக்கும் வருத்தமில்லை. அவளை அரித்துத் தின்றது இன்னொன்று. புருசன் மவுத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும், வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வீட்டுக்குள்ளேயே. அந்த நாட்களை இவள் எண்ணிக்கொண்டிருக்கும்போது வயலுக்கு அந்தப் பக்கத்தில் அவளும் அதே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். இவளுக்கு எழுபத்தொன்று என்றால் அவளுக்கும் எழுபத்தொன்று. பதினாறு வருஷக்காரிக்கும் மூன்று வருஷக்காரிக்கும் ஒரே கணக்கு. அதை நினைத்தால் ஸுஹைறாவுக்குச் சோறு இறங்காது.

வரியின் கடைசியில் அவளுடைய கையெழுத்து எப்படி வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அது அவளே செய்த பிழை. நச்சு அலுமாரியில் இருக்கும் எதையும் பதிவு பெற்ற மருந்தாளரின் கண் முன்னால்தான் விற்கலாம் என்பது சட்டம். பெயர், விலாசம், தேவை எல்லாம் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்து வைத்த பிறகுதான் மருந்தாளர் வைக்க வேண்டும். அதற்கென்று உள்ள பதிவேட்டைத்தான் கடையில் நஞ்சுக் கொப்பி என்பார்கள். ஆனால் இத்தாவில் இருக்கிறவள் கவுண்டருக்கு எப்படிப் போவது? வெயில் காலத்தில் அந்த அலுமாரியைத் திறக்காமலே சமாளித்தாயிற்று. மாரி தொடங்கிய அன்றே சனம் வந்து நின்றது. வெள்ளம் ஏற ஏறப் பாம்பு வீட்டுக்குள் வரும். காபோலிக்கை மூலைக்கு மூலை வைத்தால்தான் பிள்ளைகுட்டிக்காரர்கள் நிம்மதியாகப் படுப்பார்கள். அன்று ஸுஹைறா கொப்பியை மடியில் வைத்து, மூன்று பக்கத்துக்கு, வெற்று வரிகளின் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அறுபது வரி. யார் வந்து எதை எழுதினாலும் ஓம் என்று சொல்ல அவளுடைய பெயர் அங்கே காத்திருந்தது. ஒரு பரிசோதகர் கண்டால் பதிவே போய்விடும் என்று தெரிந்து, கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போட்டாள். போட்டாள்.

மறுநாள் காலை, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவடியில் வைத்து முஸ்பிறாவிடம் கொப்பியைக் காட்டினாள். பன்னிரண்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவள் முஸ்பிறா. மருந்தின் பெயர்கள் வாயில் வராவிட்டாலும் பெட்டியின் நிறத்தை வைத்துச் சரியாக எடுத்துக் கொடுப்பாள். அவள் அந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஸுஹைறாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எழுதல்ல ராத்தா. நீங்கதான் கடைக்குள்ள வந்து எழுதிருப்பீங்க என்டு நினைச்சன்."

"இத்தாவில இரிக்கிறவ என்னத்துக்குக் கடைக்குள்ள வாற?"

"அதாலதான் நானும் ஒண்டும் கேக்கல்ல," என்றாள் முஸ்பிறா.

அலுமாரியில் ஒரு போத்தல் குறைவாகவும் இருந்தது. அதன் சாவி இரண்டு. ஒன்றை ஸுஹைறா காலையில் முஸ்பிறாவிடம் கொடுப்பாள். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் முஸ்பிறா அதைக் கதவால் திருப்பித் தந்துவிட்டு, ஷட்டரை இறக்கி, பின் ஒழுங்கையில் உள்ள தன் வீட்டுக்குத் தொழப் போவாள். அரை மணித்தியாலத்தில் வந்து கடையைத் திறந்து, கவுண்டரில் கிடக்கும் கொப்பியை எடுத்து உள்ளே தருவாள். மற்றச் சாவி, ஷட்டர்ச் சாவியோடு ஒரே வளையத்தில், ஜுனைட்டிடம் இருந்தது. மையத்து வந்தபோது அது அவருடைய சட்டைப்பையில் இருக்கவில்லை. அப்படியென்றால் எங்கே கிடக்கும் என்று ஸுஹைறாவுக்குத் தெரியாதா? சாவியை எடுத்தவள் எழுத்தையும் எடுத்திருப்பாள், மூன்று வருஷம் கூட இருந்தவளுக்கு அது வராமலா போகும் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபத்தோடு கோபமாக ஒரு ஆறுதலும் வந்தது. அன்றைக்கே ஷட்டருக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடச் சொன்னாள்.

பின்னேரம் தங்கச்சி சிபானா வந்து தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டோடு வருகிறேன் என்று பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள். பாங்கு சொன்னது. சாவி வந்தது. ஷட்டர் கிரீச்சிட்டு இறங்கி, புதுப் பூட்டு விழுந்த சத்தமும் கேட்டது. முஸ்பிறாவின் செருப்பு வெள்ளத்தைத் தட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் போய்த் தேய்ந்தது. ஸுஹைறா எத்தனையாவது றக்அத் என்ற நினைவில்லாமல் தொழுது முடித்து, முசல்லாவை மடிக்காமலே விட்டுவிட்டு, நடுக் கதவுக்கு வந்து காதை வைத்தாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக் குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது, ஷட்டரில் மழை ஒரே சீராய் அடித்தது, கதவு இடுக்கால் பாணி மருந்தின் இனிப்பு வாசமும் நனைந்த மட்டைப்பெட்டிகளின் வாசமும் வந்தன; பிறகு அவற்றை எல்லாம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு, தார் உருக்கின மாதிரி, பழைய ஆசுபத்திரி மாதிரி, காபோலிக்கின் வாசம் மெதுவாக எழுந்து மூக்கின் அடியில் வந்து நின்றது. கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது. லாச்சி திறந்து மூடியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் தொடங்கிப் பாதியில் விட்டார்கள்.

அந்தச் செருமலைப் போலியாகச் செய்ய இந்த உலகத்தில் ஒருவராலும் முடியாது. பதினாறு வருஷம் ஒவ்வொரு விடியற்காலையும் அதைக் கேட்டுத்தான் அவள் கண் விழித்திருக்கிறாள்.

வாய் தானாகக் குல்ஹுவல்லாஹ் ஓதியது. ஆனால் பயத்தின் பின்னால் வேறொன்று பயத்தைவிட வேகமாக மேலே வந்தது. வந்திருக்கிறார். ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார். பெண்சாதி இந்தக் கதவுக்குப் பின்னால் வெள்ளையுடன் இருக்கிறாள் என்று தெரிந்தும், தட்டாமல், கூப்பிடாமல், அலுமாரியைத் திறந்து மற்றவளுக்குப் போத்தல் எடுக்கிறார். கண்ணாடிப் போத்தல் கவுண்டரில் மெதுவாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு கடதாசியில் பேனை ஓடத் தொடங்கியது.

"நான் இஞ்சதான் இரிக்கன்," என்றாள் ஸுஹைறா.

பேனை நின்றது.

மழை மட்டும் கேட்டது. இப்போது எழும்புவார், இப்போது நாலடி வைப்பார், இப்போது கதவில் அவருடைய கை படும் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தாள். தாழ்ப்பாள் இவள் பக்கம் இருந்தது. தட்டினால் திறந்துவிடுவதா, திறக்காமல் நின்று அவரைக் கெஞ்ச வைப்பதா என்றுகூட அந்த நேரத்தில் யோசித்தாள். பேனை மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அரை மணித்தியாலம் கழித்து முஸ்பிறா கொண்டுவந்து தந்த கொப்பியில் மை இன்னும் காயாமல் இருந்தது. பெயர், றுக்ஸானா.

அதற்குப் பிறகு ஒரு மஃரிபும் தப்பவில்லை. பகலில் வந்து வாங்குகிறவர்களுடைய வரிகளுக்கு நடுவே நாளுக்கு ஒன்றாக அந்தப் பெயர் ஏறிக்கொண்டு வந்தது. ஸுஹைறா பின்னேரம் அசர் தொழுது முடிந்ததிலிருந்தே கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொள்வாள். அவர் வருவதைக் கேட்பதற்கு அவளுக்குப் பயம், வராமல் விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பயம். சிபானா ஒருநாள் கேட்டதற்கு, கடைக் காற்று வருகிறது, அறைக்குள் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டாள்.

செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போத்தல் என்றால் ஒரு மாரிக்குப் போதும். ஒருவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வந்தால், என்னத்துக்கு என்று கேட்க வேண்டும், கொடுக்காமல் விட வேண்டும், தேவையென்றால் பொலிசுக்கும் சொல்ல வேண்டும். மருந்தாளர் என்று ஒரு ஆளை அந்த இடத்தில் இருத்தியிருப்பதே அதற்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னர் கல்முனையில் மீன்பிடிக்கும் கதிர்காமன் என்பவர் ஒரே கிழமையில் இரண்டாவது தரம் வந்து நின்றபோது, அவள் அவரை வாங்குப் பலகையில் இருத்தி, தேத்தண்ணி எடுத்துக் கொடுத்து, வீட்டு விஷயத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் கடைசியில் அழுதுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அந்த ஸுஹைறாவும் இவள்தான்.

பத்தாம் நாள் முஸ்பிறா கொப்பியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா, இது அந்தப் பேருக்குப் பத்தாவது போத்தல். புதுப் பூட்டும் அப்படியே கிடக்கு. என்ன நடக்குது என்டு எனக்கு விளங்கல்ல. மிச்ச வரியெல்லாத்தையும் வெட்டிப் போடுங்க. எனக்குப் பயமா இரிக்கி."

வாங்குகிறவர் விற்கிறவருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்த ஒருவர் கூட வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். ஸுஹைறா கொப்பியை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"தெரிஞ்ச ஆள்தான்," என்றாள்.

அன்றிரவு சிபானா பக்கத்தில் நித்திரையான பிறகு சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இருந்தாள். குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான் வேண்டும். மிச்ச வரிகள் செத்துவிடும், கொப்பி ஒழுங்காகிவிடும், அந்த வீட்டுக்குப் போத்தல் போவதும் நின்றுவிடும். அவர் வருவதும் நின்றுவிடும். பேனையின் மூடியைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள். மழைக்கும் இத்தாவுக்கும் சேர்த்து யன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் இருக்கிற ஒரு சின்ன வீட்டுக்குள் பத்துப் போத்தல் காபோலிக்கின் ஆவி என்ன செய்யும் என்று, படித்தவளான ஸுஹைறாவுக்கு மற்ற எல்லாரையும்விடத் தெரியும். மாவடிப்பள்ளியாளுக்கு என்னவும் நடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததைத் தனக்கே ஒளிக்கவும் இல்லை. சிவப்புப் பேனையை வைத்துவிட்டு நீலப் பேனையை எடுத்து இன்னும் இரண்டு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தாவில் இருக்கிறவள் அத்தர் பூசக்கூடாது. பதினான்காம் நாள் பூசினாள். அவருக்குப் பிடித்த ஊது மர அத்தர், கழுத்தில் ஒரு துளி, மணிக்கட்டில் ஒரு துளி. தலைமயிரை அவிழ்த்துச் சீவி, கதவு இடுக்கோடு ஒட்டி நின்றாள். ஏதாவது கதைக்க வேண்டும் என்று பகல் முழுதும் யோசித்து வைத்திருந்தாள். உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்பது. அவளில் என்ன கண்டீர்கள் என்று கேட்பது. நேரம் வந்தபோது வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"வாங்க," என்றாள். "நான் ஒண்டும் கேக்கமாட்டன். உள்ளுக்கு வாங்க."

அன்றைக்குப் பேனை நிற்கக்கூட இல்லை.

பதினேழாம் நாள் காலையில், சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தவளைச் சிபானா வந்து எழுப்பினாள். முகத்தில் நீர் ஓடியது, மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. மாவடிப்பள்ளியாள் மவுத்தாம் என்றாள். இரண்டு நாளாகக் கதவு திறக்காததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் உடைத்திருக்கிறார்கள். உள்ளே வாசம் ஆளைத் தள்ளியிருக்கிறது. யன்னல் இடுக்கு, ஓட்டு இடுக்கு, கதவின் அடி எல்லாவற்றிலும் சீலையைக் கிழித்துத் திணித்து வைத்திருந்தாளாம். வீடு முழுதும் போத்தல்கள், வாசலில், கட்டிலின் நான்கு காலடியிலும், முசல்லாவைச் சுற்றியும், எல்லாம் மூடி திறந்து. நடுவில் அவள், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்த மாதிரி, சுஜூதில் கிடந்தாள்.

"பொழுது பட்டா ஒண்டு வருகுதாம் என்டு அவ பக்கத்து வீட்டுப் பொண்டுகளுக்குச் சொல்லிரிக்கா ராத்தா," என்றாள் சிபானா. "ஒவ்வொரு நாளும் வாசல்ல ஒரு போத்தல் வச்சிட்டுப் போகுதாம். பாம்புக்குப் பயந்த புள்ளக்குப் புத்தி பேதலிச்சிட்டு என்டுதான் சனம் நினைச்சிரிக்கி."

போத்தல்களில் ஒட்டியிருந்த துண்டில் கடையின் பெயரும் ஸுஹைறாவின் பதிவு இலக்கமும் இருந்ததாம். பொலிஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாளைக்குக் கொப்பி பார்க்க வருவார்கள் என்று சிபானா சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள்தானே என்பது மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸுஹைறாவின் மனதில் முதலில் எழும்பியது ஒரு நிம்மதி. அதைச் சொல்ல வாய் கூசும், ஆனால் அதுதான் எழும்பியது. இனி அந்த நாட்களை எண்ணுகிறவள் நான் ஒருத்திதான். பிறகு தேத்தண்ணிக் கோப்பை கையில் அப்படியே ஆறியது. அவள் ஏன் எண்ண வேண்டும்? அவளுடைய இத்தா முடிந்துவிட்டது. இவள் இன்னும் நாற்பத்துச் சொச்ச நாள் இந்தச் சுவருக்குள் கிடக்க, அவள் போய்விட்டாள், அவர் இருக்கிற இடத்துக்கே. அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போவதற்கு வரி வரியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் யார்? பொலிசுக்கோ பதிவுக்கோ அல்ல, இதற்குத்தான் அவள் அன்று பகல் முழுதும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

கடை அன்று திறக்கவில்லை. பின்னேரம் முஸ்பிறா வந்து, நேற்று இரவு கொப்பியை உள்ளே தரவில்லை, அது கவுண்டரில்தான் கிடக்கிறது, நான் தொடமாட்டேன், நாளையிலிருந்து என்னைத் தேட வேண்டாம் என்று சொல்லி, ஷட்டர்ச் சாவியையும் கதவால் தந்துவிட்டுப் போனாள். சிபானா சின்னவனுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. மழை விட்டிருந்தது. மழை விட்டபோதுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கூரையிலிருந்து தாழ்வாரத்துக்கு விழும் ஒவ்வொரு சொட்டையும் தனித்தனியாக எண்ணலாம் போல இருந்தது, குசினிக்குள் ஒரு கரண்டி தானாகச் சரிந்ததும் நெஞ்சுக்குள் இறங்கியது.

பாங்கு சொன்னது. ஸுஹைறா கதவடியில் இருந்தாள்.

இன்றைக்கு வரமாட்டார். இனி என்னத்துக்கு வருவது? அவளுக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே காபோலிக் வாசம் வந்தது. கதிரை நகர்ந்தது. செருமல், இரண்டரைத் தரம். பிறகு ஒரு சத்தம், இதுவரை கேட்காத ஒன்று.

ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். தணிந்த குரலில் ஏதோ கதைத்தார்கள். சொற்கள் விளங்கவில்லை. புருசனும் பெண்சாதியும் வேலை முடிந்து கடையைச் சாத்தும் நேரத்தில் கதைக்கிற கதை மாதிரி இருந்தது. அவளுடைய கடை. அவளுடைய கவுண்டர். அவளுடைய நேரம் அது.

பயம் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷமும் இருக்க அவளால் முடியவில்லை. எழும்பினாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

இருட்டு. ஷட்டரின் அடியால் வந்த கொஞ்ச வெளிச்சம். மருந்துப் பெட்டிகளின் விளிம்பு. அவள் உள்ளே ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

அந்தக் கதவு கவுண்டருக்குப் பின்னால் திறக்கும் கதவு. எத்தனை வருஷமாக. இன்றைக்குக் கவுண்டர் அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் வாங்குகிற ஆட்கள் நிற்கும் பக்கத்தில் நின்றாள்.

அந்தப் பக்கம் ஜுனைட். வெள்ளையில். கபன் துணியின் விளிம்பில் ஈர மண். கற்பூர வாசம், அதன் மேல் காபோலிக் வாசம். முகம் அதே முகம். மருந்தாளரின் கதிரையில் இன்னொரு வெள்ளை. குனிந்த தலை. கொப்பியில் ஏதோ எழுதும் கை. சின்னக் கை. விரல்கள் தோல் வெளுத்து உரிந்திருந்தன.

ஜுனைட் நிமிர்ந்து பார்த்தார்.

பதினாறு வருஷத்தில் அவள் எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்த பார்வை அது. கவுண்டருக்கு வருகிற ஆளைப் பார்க்கிற பார்வை. சிரிப்பும் அதே சிரிப்பு, எல்லாருக்கும் கொடுப்பது. அதற்குள் அவள் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள். இல்லை.

"நச்சு மருந்து," என்றார் அவர். "தெரியாத ஆளுக்குக் குடுக்கேலா. உங்களத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இரிக்காங்களா?"

ஸுஹைறா வாயைத் திறந்தாள். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்க வந்தது. கையைக் கவுண்டரில் ஊன்றினாள். பலகை ஈரமாக இருந்தது.

அவர் பொறுத்துக்கொண்டு நின்றார். அவசரமில்லை. வேறு ஆட்கள் இல்லை.

கதிரையில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். சின்னப் பெண். எவ்வளவு சின்னப் பெண். உதடு வெடித்து வெள்ளையாய்க் கிடந்தது. அவள் ஸுஹைறாவின் முகத்தை, கழுத்தை, மணிக்கட்டை, மெதுவாகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் இவவ," என்றாள்.

ஜுனைட் தலையாட்டினார். அலுமாரிச் சாவி திரும்பியது. போத்தல் கவுண்டரில் வந்து இருந்தது. அவர் கொப்பியை இவள் பக்கம் திருப்பி வைத்து, எந்தக் கட்டம் என்று விரலால் காட்டி, பேனையை நீட்டினார்.

வரியின் கடைசியில் விற்பவரின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. ஸுஹைறாவின் கையெழுத்து, மை காயாமல்.

பின்னால், வீட்டுப் பக்கத்திலிருந்து, தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் பேனையை வாங்கும்வரை இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.